பழைய துண்டும் புதிய துண்டும்

“இரண்டு தரப்பும் சம்மதித்தால் அந்தக் கைமாற்று நியாயமானது. பிறகு லாபமோ நட்டமோ, எடுத்தவர் பாடு.” இலங்கை மலையகத்தில் இன்று இந்த வாக்கியம் எழுதப்படாத சட்டம்போல உலவுகிறது. கம்பனி அதிகாரி சொல்கிறார். கொழும்பிலிருந்து வரும் பொருளாதார ஆலோசகர் சொல்கிறார். தொழிற்சங்கத்திலும் சிலர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். கடைசியில் ஹட்டனில் கணினி படிக்கும் என் அக்கா மகனும் சொன்னான். நண்பர்களோடு கைத்தொலைபேசியில் ஃபேன்டசி கூடைப்பந்து லீக் ஆடுகிறவன் அவன்; உண்மை வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் ஆட்டம் அது. “எங்க லீக்ல ரெண்டு பேரும் ஓகேன்னா டிரேட் செல்லும் மாமா. ரிஸ்க் எடுக்கிறவன் எடுக்கட்டும். தோட்டத்துல மட்டும் ஏன் நீங்க குறுக்க நிக்கிறீங்க?” என்று கேட்டான்.

குறுக்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அவனுடைய ஆட்டத்தில் சரியாக இருக்கும் அந்த வாக்கியம், கொழுந்து மலைக்கு வந்ததும் பிழையாகிவிடுகிறது. எங்கே, ஏன் பிழையாகிறது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறேன்.

பேச்சு எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருமானப் பகிர்வு முறை என்றும் அவுட்குரோவர் முறை என்றும் பெருந்தோட்டக் கம்பனிகள் பல ஆண்டுகளாக முன்வைத்துவரும் திட்டம் இது. தோட்டத்தின் தேயிலையில் ஒரு துண்டைக் கம்பனி ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கும். புல் வெட்டுவது, கொழுந்து எடுப்பது, செடியைப் பார்ப்பது எல்லாம் குடும்பத்தின் வேலை. உரமும் மருந்தும் கம்பனி தரும்; அதன் விலையைப் பிறகு கழிக்கும். கொழுந்து அதே கம்பனியின் தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும். கொடுப்பனவு கிலோக் கணக்கில். கிலோவின் விலை கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பொறுத்தது. இதற்கு ஈடாகக் குடும்பம் விட்டுக்கொடுப்பது நாட்சம்பளத்தை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போய் மலை ஏறினால் மாலையில் எழுதப்படும் அந்தப் ‘பேரை’.

ஆக, இது ஒரு கைமாற்று. நிச்சயமான சிறிய தொகையைக் கொடுத்துவிட்டு, நிச்சயமில்லாத பெரிய தொகைக்கான வாய்ப்பை வாங்குவது. லீக்கில் நாள்தோறும் ஆடும் இரண்டு நடுத்தர வீரர்களைக் கொடுத்துவிட்டு, முழங்காலில் காயம்பட்ட ஒரு பெரிய வீரரை வாங்குவதும் இதே கணக்குத்தான். என் அக்கா மகன் இரண்டையும் ஒப்பிட்டதில் தவறில்லை. ஒப்பீட்டைப் பாதியில் நிறுத்தியதுதான் தவறு.

எதிர்த் தரப்பு வாதத்தை அதன் முழுப் பலத்தோடு சொல்வதே நேர்மை. அவர்கள் சொல்வது இதுதான். நாட்சம்பள முறை காலனி காலத்தின் மிச்சம். இருநூறு ஆண்டு வரலாற்றில் அது தொழிலாளியை லயத்துக் காம்பராவைத் தாண்டி எங்கும் கொண்டுபோகவில்லை. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் சிறு தோட்டக்காரர்கள் சொந்தக் கணக்கில் தேயிலை வளர்க்கிறார்கள். நாட்டின் உற்பத்தியில் 70 வீதத்துக்கும் மேல் அவர்களுடையது. தன் துண்டு என்ற எண்ணம் வந்தால் செடியைப் பார்க்கும் கையும் மாறும். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர் எடுத்தார். எடுத்தவர்களில் பலர் நாட்சம்பளத்தைவிடக் கூடுதலாகவே பார்த்தார்கள். இதற்கு மேல் நியாயத்துக்கு என்ன வேண்டும்?

இதில் ஒரு பாதியை நான் மறுக்கவில்லை. என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நாட்சம்பளம் அவரைப் பணக்காரியாக்கவில்லை. ஓய்வுபெற்ற நாளில் அவர் கையில் சொந்தமென்று ஒரு பிடி மண்கூட இல்லை. அந்த முறையைக் காப்பாற்ற நான் இதை எழுதவில்லை. நான் மறுப்பது, “சம்மதித்தார், சம்பாதித்தார், ஆகவே நியாயம்” என்ற தீர்ப்பை. அதற்கு என் மறுப்புகள் ஏழு.

1. சம்மதம் எப்போது செல்லும்?

லீக்கில் சம்மதம் செல்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. வீரர்களைத் தெரிவுசெய்யும் நாளில் எல்லோரும் ஒரே நிலையிலிருந்து தொடங்குகிறார்கள். யாருக்குக் காயம், யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற தகவல் எல்லோருடைய திரையிலும் ஒன்றாகவே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்கிறவர் எதையும் இழப்பதில்லை. பழைய அணியோடு நாளைக்கும் ஆடலாம். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில், இரண்டு பேரும் கூட்டுச்சதி செய்யாதவரை, மற்றவர்கள் அந்தக் கைமாற்றைத் தடுக்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

உண்மைக் கூடைப்பந்திலும் அப்படித்தான். 2018 ஜூலையில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிடமிருந்து கவாய் லெனார்ட்டை டொரொண்டோ ராப்டர்ஸ் வாங்கியது. முந்தைய பருவத்தில் காயத்தால் அவர் ஆடியது 9 ஆட்டங்கள் மட்டுமே. ஒரு வருடத்தில் அவர் விலகிப்போகவும் வழி இருந்தது. அவருக்காக டொரொண்டோ கொடுத்தது ரசிகர்களின் செல்லமான டிமார் டிரோசனையும் இன்னும் சிலவற்றையும். பெரிய ஆபத்துதான். ஆனால் இரு பக்கமும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் இருந்தார்கள். பேரம் பொய்த்திருந்தாலும் டொரொண்டோ மறுநாள் பட்டினி கிடந்திருக்காது. அந்தச் சம்மதம் முழுமையானது.

இப்போது தோட்டத்துக்கு வாருங்கள். ஒப்பந்தத் தாளை எழுதியவர் கம்பனியின் சட்டத்தரணி. கையெழுத்து வைப்பவர் குடியிருக்கும் லயமும் அந்தத் தோட்டத்தினுடையது. பெரும்பாலான குடும்பங்களிடம் அதற்கு உறுதிப்பத்திரம் கிடையாது. துண்டு வேண்டாம் என்றால் நாட்சம்பள வேலை மாதத்தில் எத்தனை நாள் தரப்படும் என்பதைத் தீர்மானிப்பவரும் துண்டை நீட்டுகிற அதே தோட்டத் துரைதான். மறுத்தால் பழைய அணியோடு நாளைக்கும் ஆடலாம் என்ற உறுதி எங்கே? அது இல்லாத இடத்தில் ‘விரும்பி எடுத்தார்’ என்று சொல்வது, ஒரே வாசல் உள்ள அறையிலிருந்து ஒருவர் அந்த வாசல் வழியாக வந்ததை விருப்பம் என்று சொல்வதுதான்.

எங்கள் வரலாற்றில் சம்மதம் என்ற சொல்லுக்கு நீண்ட தழும்பு உண்டு. தமிழ்நாட்டில் முற்பணம் வாங்கிக்கொண்டு புறப்பட்டபோதும் எங்கள் முன்னோர் சம்மதித்தார்கள். அந்தப் பணம் ஆட்களைத் திரட்டிய பெரிய கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவர் விடுவிக்கப்படுவார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொண்டது. கடனும் ஆளோடு கூடவே போனது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் கைமாற்றும் சந்தை நடந்தது அந்தச் சீட்டில்தான். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. தொழிலாளி சம்மதித்தாரா என்பதோடு விசாரணையை முடித்திருந்தால் அது ஒழிந்தே இருக்காது.

சம்மதம் கேட்கப்படாமலே கைமாறியதும் உண்டு. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றிருந்த எங்கள் மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. இரு அரசுகளும் சம்மதித்த கைமாற்று அது. கைமாற்றப்பட்டவர்களை யாரும் மேசைக்கு அழைக்கவில்லை. ஆகவே மலையகத்தவரிடம் ‘இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது’ என்று சொல்லும்போது, அந்த இரண்டு தரப்பு யார் யார் என்று கேட்பது எங்கள் கடமை. துண்டுக்கான தாளில் வீட்டு ஆணின் கையெழுத்தும், துண்டில் பெண்ணின் முதுகில் கூடையும் என்றால், சம்மதித்தது யார்?

2. விளைவு தீர்ப்பாகாது

“எடுத்தவர் கூடச் சம்பாதித்தாரே!” இதுதான் மேடைகளில் அதிகம் கைதட்டு வாங்கும் வாதம். ஆராய்ந்தால் மிகவும் பலவீனமானதும் இதுதான். ஆபத்துள்ள எந்தக் கைமாற்றையும் அதன் முடிவை வைத்து அளக்கக் கூடாது என்பது லீக் ஆடும் பையன்களுக்கே தெரியும். 2019இல் டொரொண்டோ கிண்ணத்தை வென்றதால் 2018இன் பேரம் நியாயமாகவில்லை. அதே லெனார்ட் 2021–22 பருவம் முழுவதும் காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த வருடம் ஃபேன்டசி லீக்கில் அவரை வாங்கி ஏமாந்தவர் யாராலும் மோசடி செய்யப்பட்டவரும் அல்லர். நியாயம் என்பது கைகுலுக்கும் நொடியில் இருந்த நிலைமையைப் பற்றியது.

தேயிலையில் இதற்கு இரத்தமும் சதையுமாக ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 ஆரம்பத்தில் ஒரு குடும்பம் துண்டு எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் அரசு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. ஆண்டு முடிவதற்குள் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டாலும், செடி அதற்குள் அடிவாங்கிவிட்டது. 2021இல் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் ஏறக்குறைய 250 மில்லியனுக்கு இறங்கியது. அதே 2022இல் ரூபாய் சரிந்தது. கொழும்பு ஏலத்தில் ரூபாய்க் கணக்கில் தேயிலை விலை சராசரியாக ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கொழுந்து குறைந்தது, விலை ஏறியது. இரண்டுக்கும் அந்தக் குடும்பத்தின் உழைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்த வருடம் ஒரு குடும்பம் லாபம் பார்த்திருந்தால் முறை நியாயமானது என்றும், நட்டப்பட்டிருந்தால் அநியாயமானது என்றும் சொல்வீர்களா? சொன்னால், நீங்கள் அளந்தது கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவுகளை. குடும்பத்துக்கும் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அல்ல. வென்றவரை மேடையேற்றிக் காட்டும் முறைக்கு இன்னொரு குறையும் உண்டு: துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்கள் எந்த மேடையிலும் நிற்பதில்லை.

3. தாங்கமுடியாதவர் தலையில் ஏன்?

ஆபத்து எல்லோருக்கும் பொதுவானது என்பது பாதி உண்மை. கம்பனியின் ஆபத்து பரந்து கிடக்கிறது. ஒரு தோட்டத்தில் உறைபனி கருக்கினால் இன்னொரு தோட்டம் தாங்கும். மேல் மலையில் கொழுந்து குறைந்தால் கீழ் மலை ஈடுகட்டும். குடும்பத்திடம் இருப்பது ஒரே சரிவு. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகினால், ஆனி ஆடியில் டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் வெயிலே காணாமல் மழை கொட்டினால், அந்தச் சரிவில் வேறு ஈடு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியாவையும் பதுளையையும் கண்டியையும் எப்படிக் கிழித்துப் போட்டது என்று பார்த்தோம். மண் சரிந்து போன துண்டுக்குக் கிலோக் கணக்கில் என்ன கொடுப்பனவு?

புயல் அபூர்வம், விடுங்கள். கவ்வாத்தைப் பாருங்கள். மேட்டுநிலத் தேயிலையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது. நாட்சம்பளத்தில் இருப்பவர் அப்போது வேறு மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பார். அவர் பேர் விழும். துண்டு எடுத்தவருக்குத் தன் துண்டைத் தவிர வேறு மலை இல்லை. இது எதிர்பாராத ஆபத்தல்ல, நாள் குறித்து வரும் பட்டினி. அந்த மாதங்களுக்கு வழி எழுதாத ஒப்பந்தம் நியாயமானது என்று தேயிலை தெரிந்த எவரும் சொல்ல முடியாது.

என் அளவுகோல் எளிது. புல்லை வெட்டாமல் விடுவது, கொழுந்தை முற்ற விடுவது, வளர்ச்சி நின்ற வங்கியிலையைச் சேர்த்து எடுப்பது போன்று, ஒருவர் தன் கையால் மாற்றக்கூடிய ஆபத்து அவர் தலையில் இருக்கலாம். மழையும் பனியும் ஏலமும் அரசின் உரக் கொள்கையும் யார் கையாலும் மாறாதவை. அவற்றைத் தாங்கும் பலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் அவை இருக்க வேண்டும். இன்றைய யோசனை இதைத் தலைகீழாக்குகிறது. பலமான தோளிலிருந்து சுமையை இறக்கிப் பலவீனமான தோளில் வைத்துவிட்டு, அதற்குத் தொழில்முனைவு என்று பெயர் சூட்டுகிறது.

4. கூட்டிக் காட்டியவர் கழித்துக் காட்டினாரா?

தலைப்பில் பெரிய எண்ணும் கையில் சிறிய எண்ணும் எங்களுக்குப் புதிதல்ல. 2016 கூட்டு ஒப்பந்தத்தை “730 ரூபாய்ச் சம்பளம்” என்றார்கள். அதில் அடிப்படை 500 மட்டுமே. வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்குக்கு 30. வருகை குறைந்தாலோ கிலோ குறைந்தாலோ தலைப்பு உதிரும், அடிப்படை மட்டும் நிற்கும். நிபந்தனையோடு வரும் ரூபாயும் நிபந்தனையில்லாத ரூபாயும் ஒரே ரூபாய் அல்ல என்பதை அன்றே கற்றோம்.

துண்டின் கணக்கிலும் அதே தந்திரம் இருக்கிறது. ‘மாதம் இவ்வளவு வரும்’ என்று கூட்டிக் காட்டுகிறார்கள். கழிக்க வேண்டியதை நான் கழிக்கிறேன். 2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது; கணக்குக்கு அதையே எடுக்கிறேன். அதற்கு மேல் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்ட வேண்டும், அது 162 ரூபாய். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அது 40 ரூபாய் 50 சதம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருடம் கடந்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் தரச் சொல்கிறது. 30 வருடச் சேவைக்கு அதே 1,350 கணக்கில் 567,000 ரூபாய். மகப்பேற்றுச் சகாயம் இருக்கிறது. குளவி கொட்டி விழுந்தால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது.

இவை ‘தொழிலாளி’ என்ற ஒரு சொல்லில் தொங்குகின்றன. துண்டு எடுத்த பின் அவர் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா? இதற்கு ஆமா, இல்லையா என்று ஒற்றை வரியில் பதில் எழுதாத தாள், பெண்ணின் பிரசவத்தையும் அவள் முதுமையையும் சேர்த்தே கைமாற்றுகிறது. இன்னும் ஒன்று: கிலோ கூடுவதற்கு வயதான மாமியாரும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும் மலையில் இறங்கினால், கூடிய வருமானம் மூன்று பேருடைய உழைப்பு. அதை ஒருவரின் நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டு ‘லாபம்’ என்பது கணக்கே அல்ல.

5. தராசும் சூத்திரமும்

கிலோவுக்குக் காசு என்றால், கிலோவை நிறுப்பது யார்? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். படங்குக்கு என்று கொஞ்சம், தண்ணீருக்கு என்று கொஞ்சம் கழித்து எழுதப்பட்ட நாட்களை என் அம்மா இன்றும் நாள் நட்சத்திரத்தோடு சொல்வார். நாட்சம்பளத்தில் அந்தக் கழிவு அரைப்பேருக்கு, அதாவது பாதிச் சம்பளத்துக்கு, ஆளாக்கும் அபாயம். துண்டு முறையிலோ ஒவ்வொரு கிராமும் நேரே வருமானம். தராசின் அதிகாரம் குறையவில்லை, பெருகுகிறது.

விலையும் அப்படியே. சிறு தோட்டக்காரரின் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலைக்கு நியாய விலைச் சூத்திரம் ஒன்று உண்டு: தேயிலை விற்ற பணத்தில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. ஒரு கணக்குக்காக, ஏலத்தில் தேயிலை கிலோ 1,200 ரூபாய் என்று கொள்வோம். 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 21.5 கிலோ தேயிலை என்று எடுத்தால் விற்பனை 25,800 ரூபாய்; அதில் 68 வீதம் 17,544. பச்சைக் கொழுந்து கிலோவுக்கு ஏறக்குறைய 175 ரூபாய். இதை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். துண்டு எடுத்தவருக்கும் இதே சூத்திரம் பொருந்துமா? கம்பனி தரும் உரத்தின் விலையை யார் தீர்மானிப்பது? இந்தத் தோட்டத்தின் தேயிலை இந்த மாதம் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று மடுவத்துப் பலகையில் எழுதிப் போடுவார்களா? லீக்கில் ஒரே திரையை எல்லோரும் பார்க்கிறார்கள். இங்கே ஒரு பக்கத்துக்கு மட்டும் திரை இருக்கிறது.

6. காலியும் ஹட்டனும் ஒன்றல்ல

சிறு தோட்டக்காரரை உதாரணம் காட்டுவோர் அவரிடம் இருப்பதில் முக்கியமானதை மறைத்துவிடுகிறார்கள்: நிலம். பெரும்பாலும் அது அவருடையது, அல்லது அவர் குடும்பத்துடையது. அதை ஈடுவைத்து வங்கியில் கடன் வாங்கலாம், பிள்ளைக்கு எழுதலாம், தேயிலை சரிவராவிட்டால் கறுவா நடலாம். ஒரு தொழிற்சாலை விலையைக் குறைத்தால் அடுத்த லொறிக்குக் கொழுந்தைக் கொடுக்கலாம். அவருக்கென்றே சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. மீள்நடுகைக்கு மானியம் இருக்கிறது. அவருடைய செடிகளில் பெரும்பாலானவை தண்டு நறுக்கிலிருந்து வளர்த்த, விளைச்சல் கூடிய வீ.பீ. தேயிலை.

ஹட்டன் மலையில் துண்டு எடுப்பவரிடம் இவற்றில் எது இருக்கிறது? நிலம் அரசுடையது, கம்பனி அதற்குக் குத்தகைக்காரர், இவர் குத்தகைக்காரரிடம் கைநீட்டுகிறவர். கொழுந்து ஒரே தொழிற்சாலைக்கு. செடி பல இடங்களில் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை. மீள்நடுகை செய்ய வேண்டிய காலம் கடந்து நிற்பது. விளைச்சல் இறங்கிவரும் செடியை, இறங்கிவரும் நேரத்தில், ‘உன் துண்டு’ என்று கொடுப்பது ஓய்வுபெறப்போகும் வீரரை உச்ச விலைக்கு விற்பது போன்றது. சிறு தோட்டக்காரரின் ஆபத்துகள் அனைத்தும் இவருக்கு உண்டு, அவருடைய உரிமைகளில் ஒன்றுகூட இல்லை.

7. மூன்றாம் ஆளுக்கு வாயில்லையா?

“இரண்டு பேர் விவகாரம், உனக்கென்ன?” என்பார்கள். லீக்கிலேயே இது முழு உண்மையல்ல. இரண்டு பேர் செய்யும் பேரம் மற்றப் பத்துப் பேரின் வெற்றி வாய்ப்பையும் மாற்றுகிறது. அதனால்தான் பல லீக்குகளில் ஆட்சேபம் சொல்ல மற்றவர்களுக்கு வாக்கு வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் இந்தத் தொடர்பு பன்மடங்கு இறுக்கமானது. பாதிக் குடும்பங்கள் துண்டுக்குப் போனால் மீதிப் பாதியின் சம்பளப் பேச்சுக்குப் பலம் எங்கே? 500இலிருந்து 2019இல் 700, 2021இல் கொடுப்பனவோடு 1,000, 2024இல் 1,350, 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550, அதற்கு மேல் அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு. இந்த ஒவ்வொரு படியையும் ஏறியது தனித் தனிக் குடும்பம் அல்ல. ஒன்றாக நின்ற கூட்டம். தனித் தனித் தாளில் கையெழுத்து வாங்கும் முறை அந்தக் கூட்டத்தைக் கலைக்கிறது. கலைக்கப்படுபவர்களுக்கு அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

இதற்குள் என் பக்கத்து நண்பர்கள் சிலர் மகிழ்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. “ஏழைக்கு ஆபத்தே ஆகாது, நாட்சம்பளம் மட்டும் போதும்” என்பதும் பிழைதான். எங்கள் மக்கள் ஆபத்தெடுக்கத் தெரியாதவர்கள் அல்லர். கடல் தாண்டி வந்தவர்கள். மத்திய கிழக்குக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஒப்பந்த வேலையான கொந்தரப்புக்கும், கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் கைக்காசுக்கும் கணக்குத் தெரிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் பெண் தன் ஆபத்தைத் தானே எடைபோட்டுத்தான் மலை ஏறுகிறாள். ஆறு நாள் பேர் கீழே தாங்கி நிற்பதால் ஏழாம் நாளை அவளால் துணிந்து ஆட முடிகிறது. அந்த வாரத்துக்குள்ளேயே நியாயமான கைமாற்றின் இலக்கணம் இருக்கிறது.

ஆகவே துண்டு முறையைத் தடைசெய் என்று நான் கேட்கவில்லை. இவை எழுதப்படட்டும் என்கிறேன். கொழுந்து எவ்வளவு குறைந்தாலும் வர்த்தமானியில் உள்ள நாட்சம்பளத்துக்குக் கீழே மாத வருமானம் இறங்காது. கவ்வாத்து மாதங்களிலும், பனியும் மண்சரிவும் வந்த மாதங்களிலும் வேறு மலையில் வேலை உண்டு. சேமலாப நிதி, பணிக்கொடை, மகப்பேறு, நட்டஈடு எதுவும் அறாது. 68 வீதச் சூத்திரம் துண்டுக்கும் பொருந்தும். ஏல விலை மடுவத்தில் எழுதப்படும். தராசைத் தொழிலாளர் தரப்பும் சோதிக்கலாம். ஒரு வருடத்தில் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குத் திரும்பும் உரிமை, கடன் எதுவும் பின்தொடராமல், இருக்கும். இவற்றை எழுதிய பின்னும் துண்டு எடுக்க ஒரு பெண் முன்வந்தால், தன் பெயரில் தானே கையெழுத்திட்டால், அந்தச் சம்மதத்துக்கு நான் முதல் ஆளாக மரியாதை செய்வேன்.

“இதெல்லாம் எழுதினால் கம்பனிக்கு என்ன லாபம்? முறையே நடக்காதே” என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். தொழிலாளியின் உழைப்புக் கூடினால் கொழுந்து கூடும், இருவருக்கும் லாபம் என்பதுதானே அவர்களின் வாதம்? அது உண்மையானால், மழையின் நட்டத்தையும் பனியின் நட்டத்தையும் கம்பனியே வைத்துக்கொண்டாலும் அந்த லாபம் வந்தாக வேண்டும். வராது என்றால், அவர்கள் எண்ணிய லாபம் கூடிய கொழுந்திலிருந்து வருவதல்ல. கைமாறிய நட்டத்திலிருந்து வருவது.

என் அக்கா மகனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். உன் லீக்கில் கைமாற்று வரும்போது நீ முதலில் என்ன பார்ப்பாய் என்று. “அவனுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கான்னு பார்ப்பேன்” என்றான். அது போதும் என்றேன். துண்டுத் தாளோடு யாராவது லயத்துக்கு வந்தால், உன் அம்மாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதே கண்ணோடு அதை வரிவரியாக வாசித்துக் காட்டு. கவ்வாத்து மாதத்துக்கு எந்த வரி என்று அவர் கேட்பார். அந்த வரி தாளில் இருந்தால் பேனாவைத் தேடு.